வாலரண்ட் போட்டால் கணினியை ஒட்டுக்கேட்பார்களா?

கேள்வி இது: "மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். வீட்டுக் கணினியில் வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் போட வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறான். ஏமாற்றி ஆடுவதைத் தடுக்க அதோடு வரும் வேன்கார்ட் என்ற காவல் நிரல் ஒரு சீன உளவாளி, கர்னல் வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று இணையத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம் என்று மீதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். அதே கணினியில்தான் என் டேலி, ஜிஎஸ்டி, வங்கி எல்லாம் இருக்கிறது. போடலாமா, கூடாதா?"

அந்தக் கணினியில், இப்போது இருக்கிற நிலையில், போடாதீர்கள். ஆனால் அதற்குக் காரணம் உளவு இல்லை. காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் தீர்வையும் தப்பாகப் பிடிப்போம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். விண்டோஸுக்கு டிரைவர், அதாவது வன்பொருளையும் இயங்குதளத்தையும் இணைக்கும் நிரல், எழுதுவது என் பிழைப்பு. ராத்திரியில் நானும் விளையாடுகிறவன்தான். சண்டையில் இரண்டு பக்கமும் எனக்கு ஆள் இருக்கிறது.

கர்னல் என்றால் இயங்குதளத்தின் கருவறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர், நினைவகம், டிஸ்க் எல்லாவற்றையும் நேரடியாகக் கையாளும் பகுதி. நாம் திறக்கும் குரோம், டேலி, எக்செல் எல்லாம் வெளிப் பிராகாரத்தில் நிற்பவை. எது வேண்டுமானாலும் உள்ளே இருப்பவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். டிரைவர்கள் மட்டும் உள்ளே போகலாம். வேன்கார்டில் ஒரு பகுதி அப்படிப்பட்ட டிரைவர். விளையாட்டைத் திறக்கும்போது அல்ல, கணினியை ஆன் செய்யும்போதே ஏறிவிடும். 2020 ஏப்ரலில் சோதனைப் பதிப்பு வந்தபோது முதல் ரகளை இதற்குத்தான் கிளம்பியது. நான் விளையாடாத நேரத்தில் இதற்கு என் கணினியில் என்ன வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இங்கேதான் உளவு என்ற பேச்சு நுழைகிறது. கருவறைக்குள் போனவன் நகையைப் பார்க்காமலா இருப்பான் என்கிறார்கள். ஆனால் உங்கள் கணினியில் நகை கருவறையில் இல்லை, வெளியே திண்ணையில் கிடக்கிறது.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் செய்தே காட்டினேன். முப்பது வரியில் ஒரு சின்ன நிரல். அட்மின் அனுமதி கேட்காது, கர்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. டாகுமென்ட்ஸ் கோப்புறையில் உள்ள எல்லா எக்செல் ஃபைலின் பெயரையும் எடுத்தது, பத்து விநாடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்தது, காப்பி பேஸ்ட் செய்ததை எல்லாம் ஒரு நோட்பேடில் சேர்த்தது. ஆன்டிவைரஸ் வாயே திறக்கவில்லை. ஒரு பையன் தன் பாஸ்வேர்டை அந்த நோட்பேடில் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போனை எடுத்து மாற்றிக்கொண்டிருந்தான்.

ஆக, உங்கள் ஜிஎஸ்டி கணக்கைத் திருட நினைக்கும் நிறுவனத்துக்குக் கர்னல் டிரைவர் வேண்டாம். சாதாரணமாக நிறுவும் எந்த மென்பொருளும் அதைச் செய்துவிட முடியும். கர்னலில் இருந்தால் செய்வதை மறைப்பது சுலபம் என்பது வேறு விஷயம், அது உண்மையும்கூட. ஆனால் 'கர்னலில் இருக்கிறது, ஆகவே உளவு பார்க்கிறது' என்பது வாதமே இல்லை.

(இன்னொன்று. ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கணினியில் திருட்டு விண்டோஸ் போட்டு, அதை ஆக்டிவேட் செய்ய ஊர் பேர் தெரியாத ஒரு கிராக்கை ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டியவர், அதே கணினியில் உட்கார்ந்து வேன்கார்டைப் பற்றி ஆவேசமாக எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை.)

சரி, அப்படியானால் வாலரண்டை உருவாக்கிய ரயட் நிறுவனத்துக்கு ஏன் கர்னல் தேவைப்பட்டது? ஏமாற்றுகிறவன் முதலில் அங்கே போனதால்தான்.

2018 அக்டோபரில் ஷாங்காயில் கவுன்டர் ஸ்டிரைக் என்ற இன்னொரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் போட்டி நடந்தது. ஆப்டிக் இந்தியா அணியில் ஆடிய ஒருவரின் கணினியைச் சோதிக்க நடுவர்கள் வந்தார்கள். அவர் அவசர அவசரமாக ஒரு ஃபைலை அழிக்கப் பார்த்தார். அந்த ஃபைலின் பெயர் வேர்ட்.எக்ஸ்இ. குறி தானாக எதிரி மேல் போய் நிற்க உதவும் ஏம்பாட்டுக்கு வைத்த பெயர் அது. அணியையே கலைத்தார்கள், அவருக்கு 5 ஆண்டு தடை. நம் ஊர் ஆட்டக்காரர்கள் வட்டத்தில் இன்றைக்கும் யாராவது சந்தேகப்படும்படி சுட்டால் 'வேர்ட் திறந்திருக்கா?' என்றுதான் கேட்பார்கள்.

அது கொஞ்சம் அசட்டு ஏமாற்று. காசு கொடுத்து வாங்கும் சீட்கள் (cheat, ஏமாற்று நிரல்கள்) அப்படி இல்லை. அவையே டிரைவராக கர்னலுக்குள் ஏறி, காவல் நிரல் கேட்கும் கேள்விகளுக்குப் பொய்ப் பதில் கொடுக்கும். 'நினைவகத்தில் இந்த இடத்தில் என்ன இருக்கிறது?' என்று வெளியிலிருந்து கேட்டால் 'ஒன்றும் இல்லையே' என்று உள்ளிருந்து பதில் வரும். அதனால் இது யார் முதலில் ஏறுகிறார்கள் என்ற போட்டியாகிவிட்டது. பேருந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதுதான். கணினி ஆன் ஆகும்போதே வேன்கார்ட் ஏறுவது துண்டு போடுவதற்காக.

'இதையெல்லாம் சர்வரிலேயே பிடிக்க முடியாதா?' என்று எதிர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். பாதி முடியும். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரி எங்கே என்ற தகவலைக் கடைசி நொடி வரை உங்கள் கணினிக்கு அனுப்பாமலே வைத்திருக்கும் ஏற்பாடு வாலரண்டிலேயே உண்டு. அனுப்பாத தகவலை, சுவரைத் தாண்டி எதிரியைக் காட்டும் வால்ஹேக் என்ற சீட்டால் காட்ட முடியாது. ஆனால் ஏம்பாட் அப்படி இல்லை. எதிரி கண்முன் வந்த பிறகு குறியை இழுத்தது மனிதக் கையா நிரலா என்று சர்வரிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம், நன்றாக ஆடுகிற அப்பாவியும் மாட்டுவான். வால்வ் நிறுவனத்தின் கவுன்டர் ஸ்டிரைக் 2 கர்னலுக்குள் போகாமலே சமாளிக்கப் பார்க்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் அதில் தீவிரமாக ஆடுகிறவர்கள் பலர் எங்கே போய் ஆடுகிறார்கள்? ஃபேஸ்இட் என்ற தனித் தளத்தில். அங்கே கர்னல் டிரைவர் கட்டாயம். தனியுரிமை பற்றி வாய் ஓயாமல் பேசும் கூட்டமே ஏமாற்று இல்லாத ஆட்டத்துக்காக வரிசையில் நின்று டிரைவரை ஏற்றிக்கொள்கிறது.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 2005-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் காவல் நிரலான வார்டன், திறந்திருக்கும் மற்ற ஜன்னல்களின் தலைப்புகளைப் படிக்கிறது என்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தபோது இதே கூச்சல். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் இன்னொரு குட்டு உடைந்தது. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் பாட்டு சிடிக்களைக் கணினியில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்க ரகசியமாக ஒரு ரூட்கிட், அதாவது தன்னை மறைத்துக்கொள்ளும் நிரல், இறங்கியது. பெயர் ஒரு குறிப்பிட்ட எழுத்துச் சேர்க்கையில் தொடங்கும் எந்த ஃபைலையும் அது விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். இதைக் கேள்விப்பட்ட வார்கிராஃப்ட் ஏமாற்றுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சீட் ஃபைலுக்கு அப்படியே பெயர் வைத்தார்கள். வார்டன் தேடினால் கிடைக்காது. ஒரு கம்பெனி திருட்டைத் தடுக்கக் கட்டிய சுவருக்குப் பின்னால் இன்னொரு கம்பெனியைத் திருடுகிறவன் ஒளிந்துகொண்டான். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். உங்கள் கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

கர்னல் டிரைவரில் பயப்பட வேண்டியது அதை எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு அல்ல. அவர் விட்ட ஓட்டையை வேறு யார் பயன்படுத்துவார்கள் என்பதற்கு.

2016 செப்டம்பரில் ஸ்டிரீட் ஃபைட்டர் 5 விளையாட்டின் ஒரு அப்டேட்டில் கேப்காம் நிறுவனம் ஒரு டிரைவரைச் சேர்த்தது. நோக்கம் ஏமாற்றைத் தடுப்பது. அந்த டிரைவர் என்ன செய்தது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எந்தச் சாதாரண நிரலும் அதைக் கூப்பிட்டு ஒரு நிரல் துண்டைக் கொடுக்கலாம். அது பிராசசரின் ஒரு பாதுகாப்புப் பூட்டை அணைத்துவிட்டு, கொடுத்த துண்டைக் கர்னல் அதிகாரத்தோடு ஓட்டிவிட்டு, பூட்டை மறுபடி போடும். வீட்டுச் சாவியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, படிக்கட்டுக்கு விளக்கும் போட்டு வைத்த கதை. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் டிரைவர்தான் ஏற்கெனவே வெளியே போய்விட்டதே. அதில் முறையான டிஜிட்டல் கையெழுத்தும் இருந்தது. எங்கள் துறையில் ஓட்டை டிரைவருக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இன்னும் அதைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

அடுத்தது ஜென்ஷின் இம்பாக்ட். 2022 ஆகஸ்டில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று அந்த விளையாட்டின் காவல் டிரைவரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு போய், தாக்க நினைத்த கணினியில் தானே நிறுவி, அதை வைத்தே ஆன்டிவைரஸைக் கொன்றது. தாக்கப்பட்ட கணினியில் ஜென்ஷின் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை! கையெழுத்து சரியாக இருப்பதால் விண்டோஸ் அதை நம்பி உள்ளே விட்டது. அதாவது ஓட்டை டிரைவரின் ஆபத்து அந்த விளையாட்டை நிறுவியவரோடு நிற்பதில்லை, கேள்விப்படாதவர் தலையிலும் வந்து விழும். 'என் கணினி, என் இஷ்டம்' என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இன்னொரு வகை, உள்ளாள். 2013-இல் இஎஸ்இஏ என்ற கவுன்டர் ஸ்டிரைக் போட்டித் தளத்தின் காவல் நிரலுக்குள் அங்கே வேலை பார்த்தவரே பிட்காயின் தோண்டும் நிரலைச் சேர்த்துவிட்டார். ஆட்டக்காரர்களின் கிராஃபிக்ஸ் கார்டுகள் காரணம் தெரியாமல் கொதித்தன. விஷயம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அரசு வரை போய், 10 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையை வரி வரியாகப் படித்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

கெட்ட எண்ணமோ திருடனோ இல்லாமலும் விபத்து நடக்கும். 2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் செத்தன. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது விளையாட்டு நிறுவனமே இல்லை, பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டது. குரோம் சறுக்கினால் குரோம் மட்டும் மூடும். கர்னலில் சறுக்கினால் மொத்தக் கணினியும் போய்விடும்.

வேன்கார்டுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வெளியிட்ட புதிதிலேயே அதில் ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் டாலர் வரை பரிசு என்று ரயட் அறிவித்தது. ஆரம்பத்தில் விசிறி வேகம், வெப்பநிலை பார்க்கும் கருவிகளின் டிரைவர்களை எல்லாம் அது தடுத்துத் தொலைத்தது. திட்டு வாங்கிய பிறகு, மூலையில் ஒரு ஐகான் கொடுத்து யாரும் அணைக்கும்படி மாற்றினார்கள். கேப்காம் விட்டது போன்ற ஓட்டை இதில் வெளிவந்ததாக நான் பார்த்ததில்லை. நான் பார்த்த விளையாட்டு டிரைவர்களில் கவனமாகச் செய்தது இது. ஆனாலும் உங்கள் கணக்குப்பிள்ளை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை அவரிடம் கொடுத்து வைப்பீர்களா?

சீன விவகாரத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். ரயட் இயங்குவது லாஸ் ஏஞ்சலஸில், 2015 முதல் முழு உரிமை டென்சென்ட் என்ற சீன நிறுவனத்திடம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. வாலரண்ட் அந்தப் பட்டியலில் இல்லை. வேன்கார்ட் சீனாவுக்கு ஃபைல்களை அனுப்புகிறது என்பதற்கு இதுவரை யாரும் ஆதாரம் காட்டியதில்லை. இத்தனை வருஷமாக அதை அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் சீட் விற்பவர்கள். அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அவர்கள் தாரை தப்பட்டையோடு அறிவித்திருப்பார்கள்.

தனியுரிமையில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசவே ஆள் இல்லை. 2021-இல் ரயட் தன் தனியுரிமை விதிகளை மாற்றி, ஆட்டத்துக்குள் பேசும் குரலைப் பதிவு செய்யவும் ஆராயவும் உரிமை எடுத்துக்கொண்டது. கெட்ட வார்த்தை, மிரட்டல் பற்றிய புகார்களை விசாரிக்கத்தான் என்றார்கள். 2022 ஜூலையில் வட அமெரிக்காவில் ஆங்கிலப் பேச்சைப் பதிவு செய்து மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். பெண் பிள்ளைகள் மைக்கை ஆன் செய்தவுடன் என்ன பேச்சு வரும் என்று தெரிந்தவன் என்பதால், இந்தப் பதிவை நான் எதிர்க்கவும் மாட்டேன். ஆனால் பாருங்கள், 16 வயதுப் பையனின் குரல், பின்னால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவது, நீங்கள் போனில் பார்ட்டியிடம் பில் தொகை பேசுவது எல்லாம் அந்த மைக்குக்குள் போகிறது. இதற்குக் கர்னல் வேண்டாம், 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தான் போதும். 2023-இல் வந்த நம் தனிநபர் தரவுச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், பெற்றோர் சம்மதம் வேண்டும். நடைமுறையில் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தியது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் கணினி. மகனுக்குத் தனி யூசர் அக்கவுன்ட் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. டிரைவர் கணினிக்குப் பொதுவானது, யார் லாகின் செய்தாலும் ஓடும். லினக்ஸிலோ விர்ச்சுவல் மெஷினிலோ (கணினிக்குள் ஓடும் பாவனைக் கணினி) போட்டுத் தப்பிக்கலாம் என்றால் வேன்கார்ட் விடாது. பிளேஸ்டேஷன் 5 போன்ற கன்சோலில் 2024 முதல் வாலரண்ட் கிடைக்கிறது, அங்கே இந்த வம்பே இல்லை. ஆனால் கணினியில் ஆடும் நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாது என்பதால் மகன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

தனிக் கணினி வாங்க வசதி இருந்தால் அதுதான் சரி. இல்லையென்றால் அதே பெட்டியில் இன்னொரு எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, அதில் தனி விண்டோஸ் நிறுவிக்கொடுங்கள். உங்கள் டிஸ்க்கில் விண்டோஸ் ப்ரோ இருந்தால், டிஸ்க் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கரை ஆன் செய்யுங்கள். அதன்பின் மகனின் விண்டோஸ் ஓடும்போது உங்கள் டிஸ்க் அதற்கு வெறும் பூட்டிய பெட்டி. வேன்கார்டாக இருந்தாலும் சரி, அவன் இறக்கும் வேறு குப்பையாக இருந்தாலும் சரி, உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. சொல்லப்போனால் எனக்கு அந்தக் குப்பை மேல்தான் பயம் அதிகம். 'ஃப்ரீ ஏம்பாட்' என்று தேடி இறக்கி, பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொடுத்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

செய்யும் வரிசை முக்கியம். வாலரண்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் (TPM), செக்யூர் பூட் (Secure Boot) என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும், பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போய் ஆன் செய்ய வேண்டும். என் அக்கா மகன் யூடியூப் பார்த்து இதைத் தானே செய்தான். பழைய முறையில் நிறுவிய விண்டோஸ், செக்யூர் பூட் வசதிக்காக சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவை அணைத்ததும் பூட் ஆகவில்லை. மாமா, அப்பா கணக்கெல்லாம் போச்சு என்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. ஒன்றும் போகவில்லை, பயாஸில் பழையபடி மாற்றியதும் வந்துவிட்டது. ஆனால் அந்த டிஸ்க்கில் பிட்லாக்கர் இருந்திருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றிருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று அவன் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. புது லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே இந்த பிட்லாக்கர் வகைப் பூட்டு போட்டிருக்கும், அதனால் முதலில் அதைப் பாருங்கள். கீ இருந்தால் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அப்புறம் பயாஸ் மாற்றம், அதற்குப் பின் புது எஸ்எஸ்டி. அதில் விண்டோஸ் நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பூட் ஃபைல்களைக் கொண்டுபோய் உங்கள் டிஸ்க்கில் வைக்கும், பிரித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். கடைசியாக, உங்கள் பக்கத்தில் பிட்லாக்கர். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டிஎஸ்சி டோக்கனை வேலை முடிந்ததும் உருவி மேசை டிராயரில் போடும் பழக்கத்தையும் இந்தச் சாக்கில் ஆரம்பியுங்கள்.

இரண்டு டிஸ்க் ஆனபின், எது முதலில் ஏற வேண்டும் என்ற வரிசையை மகன் ஒரு வாரத்துக்குள் தன் பக்கம் மாற்றி வைத்துவிடுவான். மாற்றட்டும். 20-ஆம் தேதி காலையில் ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்ய உட்காரும்போது வாலரண்ட் வால்பேப்பர் வந்தால் பதறாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து, லோகோ தெரியும்போது எஃப்12-ஐத் தட்டி உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். சில போர்டுகளில் எஃப்11.